'கொடுக்க வேண்டும், பெற வேண்டும்': இத்தாலியக் கணக்குச் சொற்கள் ஆங்கிலத்திற்குப் போகும்போது



ஒரு சிறு காட்சியைக் கற்பனை செய்து பார்ப்போம். இத்தாலியின் மலைச் சிற்றூர் ஒன்றில் அருட்சகோதரிகள் சிலர் முதியோர் இல்லம் ஒன்றை நடத்துகின்றனர். இல்லத்தின் கூரை பழுதாகிவிட்டது. மழை வந்தால் மாடி அறைகளில் வாளிகளை வைக்கவேண்டிய நிலை. இங்கிலாந்தில் உள்ள உதவி அமைப்பு ஒன்றுக்கு விண்ணப்பம் எழுதுகின்றனர். கடந்த ஆண்டுக் கணக்கை ஆங்கிலத்தில் அனுப்புமாறு அந்த அமைப்பு கேட்கிறது. ஆங்கிலம் தெரிந்த இளம் சகோதரி ஒருவர், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரே இரவில் மொழிபெயர்த்து அனுப்பிவிடுகிறார்.

சில வாரங்களில் பதில் வருகிறது. "உங்களிடம் 4,80,000 யூரோ கட்டட நிதியும், 90,000 யூரோ பணியாளர் நிதியும் இருக்கின்றன. முதலில் அவற்றைப் பயன்படுத்துங்கள். மேலும், உங்கள் சொத்து மதிப்பு முழுவதும் கடனாகவே இருப்பதாகக் கணக்கு காட்டுகிறது. இலாபமும் ஈட்டியிருக்கிறீர்கள். எனவே உதவ இயலாமைக்கு வருந்துகிறோம்."

சகோதரிகளுக்குத் தலைகால் புரியவில்லை. அவர்களிடம் அப்படி எந்த நிதியும் இல்லை. அவ்வளவு கடனும் இல்லை. ஆனாலும், அனுப்பிய கணக்கில் ஓர் எண்கூடத் தவறில்லை. எழுதிய ஒவ்வொரு சொல்லும் அகராதியில் உள்ள சொல்தான். அப்படியானால் தவறு எங்கே நேர்ந்தது?

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் இத்தாலியக் கணக்கை ஆங்கிலத்தில் தர முயன்றவர்கள் இதில் வரும் ஒவ்வொரு சிக்கலையும் அறிவார்கள். உரோமையில் தலைமையிடம் கொண்ட எத்தனையோ துறவற சபைகள் இத்தாலிய மொழியில் கணக்கு எழுதுகின்றன. ஆங்கிலத்தில் விளக்கம் தரவேண்டியிருக்கிறது. எனவே இந்தச் சொற்களின் வரலாற்றையும், அவற்றுள் ஒளிந்திருக்கும் கண்ணிகளையும் சற்றே காண்போம்.

ஒரு துறவி எழுதிய கணக்குப் பாடம்

இன்று உலகமெங்கும் வழங்கும் இரட்டைப் பதிவுக் கணக்கு முறை இத்தாலிய வணிகர்களின் கொடை. ஜெனோவா நகராட்சியின் 1340-ஆம் ஆண்டுக் கணக்கேடுகளில் அந்த முறை தெளிவாகவே காணப்படுகிறது. ஆனால் அதை அச்சு நூலாக உலகிற்கு எடுத்துச் சென்றவர் ஒரு பிரான்சிஸ்கன் துறவி. அவர் பெயர் லூக்கா பச்சோலி. தொஸ்கானா பகுதியின் சான்செபோல்க்ரோ ஊரில் பிறந்தவர், கணித ஆசிரியர், ஓவியர் லியோனார்தோ தா வின்சியின் நண்பர். 1494-ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் அச்சான அவரது பெரிய கணித நூலில், 36 சிறு அதிகாரங்கள் கொண்ட ஒரு பகுதி கணக்கு எழுதும் முறையைப் பற்றியது. அறிஞர்களின் இலத்தீனில் அல்லாமல், கடைக்காரருக்கும் புரியும் மக்கள் மொழியில் அதை அவர் எழுதினார்.

இந்த முறையைத் தாம் கண்டுபிடித்ததாக பச்சோலி சொல்லிக்கொள்ளவில்லை. வெனிஸ் வணிகர்களின் வழக்கத்தையே விளக்குவதாகக் கூறினார். அன்றாட நிகழ்வுகளை உடனுக்குடன் எழுதும் நினைவேடு, அவற்றை ஒழுங்குபடுத்தும் குறிப்பேடு, ஒவ்வொருவர் பெயரிலும் பக்கம் திறக்கும் பேரேடு என மூன்று புத்தகங்கள் வேண்டும் என்றார். கணக்கை இறைவன் பெயரால் தொடங்கவேண்டும், முதல் புத்தகங்களின்மேல் சிலுவை அடையாளம் இடவேண்டும் என்றும் அறிவுரை தந்தார். அவை நிறைந்தபின் தொடங்கும் புத்தகங்களுக்கு அகரவரிசை எழுத்துகள்.

அந்தப் பேரேட்டில் இரண்டு பக்கங்கள். இடப்பக்கத்தில் 'தாரே', வலப்பக்கத்தில் 'அவேரே'. 'தாரே' என்றால் கொடுத்தல். 'அவேரே' என்றால் பெற்றிருத்தல். முழுமையாகச் சொன்னால், 'இவர் கொடுக்க வேண்டும்', 'இவர் பெற வேண்டும்'. ஜொவான்னி என்பவர் நம்மிடம் துணி வாங்கிப் பணம் தரவில்லை என்றால், அவர் பக்கத்தில் 'ஜொவான்னி கொடுக்க வேண்டும்' என்று எழுதினர். அவர் பணம் தந்தபோது மறுபக்கத்தில் 'ஜொவான்னி பெற வேண்டும்' என்று எழுதினர். இன்றும் இத்தாலியக் கணக்காளர்கள் இந்த இரு சொற்களையே ஆளுகின்றனர். இவையே ஆங்கிலத்தில் 'டெபிட்', 'கிரெடிட்' என்ற இலத்தீன் வேர்ச்சொற்களாக நின்றுவிட்டன.

இதில் நம்மவருக்கு வியப்பு இருக்காது. மளிகைக் கடையின் பற்று வரவு நோட்டை அறியாத தமிழர் உண்டா? வாடிக்கையாளர் கடனாக எடுத்துச் சென்றது பற்று. அவரிடமிருந்து வந்தது வரவு. பற்று உள்ளவர் கொடுக்க வேண்டியவர். 'தாரே' சொல்வதும் அதையேதான். இரண்டு மொழிகளிலும் கணக்கு என்பது முதலில் இரு மனிதருக்கு இடையிலான ஓர் உறவு.

இந்த உறவை மறந்துவிடுவதால்தான் குழப்பம் தொடங்குகிறது. 'டெபிட்' என்றால் இழப்பு, 'கிரெடிட்' என்றால் ஆதாயம் என்றே பலரும் எண்ணுகிறோம். அப்படியானால் பெட்டியில் பணம் வந்தால் கணக்கில் ஏன் 'டெபிட்' என்று எழுதுகிறார்கள்? பழைய இத்தாலியர்கள் பணப்பெட்டியையும் ஓர் ஆளாகவே பாவித்தார்கள். பெட்டி பணத்தை வாங்கிக்கொண்டது. எனவே 'பெட்டி கொடுக்க வேண்டும்'. வங்கியில் நாம் பணம் போட்டால் வங்கிக் கணக்குத்தாளில் 'கிரெடிட்' என்று வருவதும் அப்படித்தான். அது வங்கி எழுதும் கணக்கு. அதன் பார்வையில் நாம் பெற வேண்டியவர்கள். யார் எழுதுகிறார், யாரைப் பற்றி எழுதுகிறார் என்பது தெரியாமல் இச்சொற்களைப் பெயர்க்கவே முடியாது.

கடல் கடந்த சொற்கள்

பச்சோலியின் முறை ஆங்கிலத்திற்குச் சென்ற பாதையே மொழிபெயர்ப்புப் பாதைதான். 1543-ஆம் ஆண்டு இலண்டனில் ஹியூ ஓல்டுகாசில் என்பவர் வெளியிட்ட கணக்கு நூல், பச்சோலியின் பகுதியைத் தழுவியது என்று கருதப்படுகிறது. அந்நூலின் ஒரு படிகூட இன்று கிடைக்கவில்லை. 1588-ஆம் ஆண்டு ஜான் மெல்லிஸ் அதைப் புதுப்பித்து வெளியிட்டதால்தான் அதைப் பற்றி அறிகிறோம். ஆண்ட்வெர்ப் நகர வணிகர் யான் இம்பின் டச்சு மொழியில் எழுதிய நூலும் 1547-ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் வந்தது. பச்சோலியின் பாடத்தை நேரடியாக ஆங்கிலத்தில் தர, 1914-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கைஸ்பேக் என்ற கணக்காளரும், 1924-ஆம் ஆண்டு இலண்டனில் கிரிவெல்லி என்பவரும் முன்வந்தனர்.

நூல்களுக்கு முன்பே வணிகர்கள் சொற்களைச் சுமந்து சென்றிருந்தனர். இலண்டனின் வங்கித் தெருவுக்கு 'லொம்பார்டு தெரு' என்று பெயர் வந்தது வட இத்தாலிய வணிகர்களால்தான். 'பேங்க்' என்ற சொல்லின் பின்னால் இருப்பது, பணம் மாற்றுவோர் முன்னால் போட்டிருந்த பலகை. 'பேங்க்ரப்ட்' என்பது உடைந்த பலகை. 'கேஷ்' என்பதன் உறவுச்சொல் 'காஸ்ஸா', அதாவது பெட்டி. 'மேற்படி' என்று நாம் எழுதும் இடத்தில் ஆங்கிலேயர் போடும் 'டிட்டோ', 'முன்பு சொன்ன' என்ற பொருளுடைய தொஸ்கானாச் சொல்.

பச்சோலியின் குறிப்பேட்டுப் பதிவில் இரண்டு சிறிய முன்சொற்கள் வரும். கொடுக்க வேண்டிய கணக்கின் முன் 'பெர்'. பெற வேண்டிய கணக்கின் முன் 'ஆ'. இடையில் இரு சாய்கோடுகள். நம் ஊரில் வணிகவியல் படித்தவர்களுக்கு, குறிப்பேட்டில் வரவுக் கணக்கின் முன் 'டு' என்று எழுதப் பழகியது நினைவிருக்கும். அந்த 'டு' நிற்பது, வெனிஸ் வணிகரின் 'ஆ' நின்ற அதே இடத்தில்தான்.

இவ்வளவு நெருங்கிய உறவு இருந்தால் மொழிபெயர்ப்பு எளிதாகத்தானே இருக்கவேண்டும்? உண்மை அதற்கு நேர்மாறு. ஒரே வேரிலிருந்து பிறந்து, வேறு வேறு வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளைப் போல, இச்சொற்கள் முகத்தில் ஒன்றாகவும் குணத்தில் வேறாகவும் இருக்கின்றன. முதியோர் இல்லத்துச் சகோதரிகள் மாட்டிக்கொண்டது இங்கேதான்.

நிதி அல்லாத 'நிதி'

அவர்களது கணக்கை இப்போது திறந்து பார்ப்போம். இல்லத்தின் கட்டடத்தைக் கட்ட 12,00,000 யூரோ செலவானது. ஆண்டுக்கு 2 விழுக்காடு, அதாவது 24,000 யூரோ, தேய்மானமாக எழுதிவந்தனர். 20 ஆண்டுகளில் மொத்தத் தேய்மானம் 4,80,000 யூரோ. இதற்கு இத்தாலியில் 'ஃபோந்தோ அம்மோர்த்தமெந்தோ' என்று பெயர். அகராதியில் 'ஃபோந்தோ' என்றால் நிதி. எனவே இளம் சகோதரி 'ஃபண்ட்' என்று எழுதினார்.

ஆனால் இது வங்கியில் கிடக்கும் பணம் அன்று. கட்டடம் எவ்வளவு பழையதாகிவிட்டது என்பதைக் காட்டும் அளவு மட்டுமே. ஆங்கிலத்தில் இதற்கு 'சேர்ந்துவந்த தேய்மானம்' என்ற பொருளில் 'அக்யுமுலேட்டட் டிப்ரிசியேஷன்' என்று சொல்லவேண்டும். தேய்ந்துபோனதன் கணக்கு, வாசித்தவர் கண்ணுக்குச் சேமித்துவைத்த செல்வமாகத் தெரிந்துவிட்டது. ஒழுகும் கூரைக்கான சான்றே, உதவி மறுக்கக் காரணமாகிவிட்டது!

'அம்மோர்த்தமெந்தோ' என்ற சொல்லும் தனியே ஒரு கண்ணிதான். கட்டடம், இயந்திரம் போன்றவற்றின் தேய்மானத்திற்கும், மென்பொருள் உரிமம் போன்ற தொட முடியாத சொத்துகளின் மதிப்புக் குறைப்பிற்கும் இத்தாலியில் இந்த ஒரே சொல். ஆங்கிலத்தில் முன்னதற்கு 'டிப்ரிசியேஷன்', பின்னதற்கு 'அமார்டைசேஷன்'. வங்கிக் கடனைத் தவணையாக அடைக்கும் அட்டவணைக்கும் இத்தாலியர்கள் இதே சொல்லைப் பயன்படுத்துவர். எதைப் பற்றிய வரி என்று பார்த்தபின்தான் சொல்லைத் தேர்ந்தெடுக்க முடியும்.

அடுத்தது 90,000 யூரோ 'பணியாளர் நிதி'. இத்தாலியச் சட்டப்படி, பணியாளர் ஒருவர் வேலையை விட்டுச் செல்லும்போது அவருக்கு ஒரு தொகை தரவேண்டும். ஆண்டு ஊதியத்தை 13.5-ஆல் வகுத்து வரும் தொகை ஆண்டுதோறும் அவர் பெயரில் சேர்கிறது. பணவீக்கத்திற்கு ஏற்பவும் அது உயர்த்தப்படுகிறது. சமையல்காரர், செவிலியர், காவலாளர் ஆகியோருக்கு இல்லம் பட்டிருக்கும் கடன் அது. அதை எடுத்துக் கூரை போடச் சொல்வது, உழைத்தவர் கூலியில் கைவைக்கச் சொல்வதாகும்.

இதற்குச் சரியான ஆங்கிலச் சொல் இல்லை. ஏனெனில் இங்கிலாந்தில் இப்படியொரு முறை இல்லை. வேலைநீக்க இழப்பீடு என்று பெயர்ப்பவர்கள் உண்டு. ஆனால் தாமாக விலகுபவருக்கும் இத்தொகை உண்டு என்பதால் அதுவும் பொருந்தாது. இத்தகைய இடத்தில் இத்தாலியப் பெயரை அப்படியே வைத்துவிட்டு, 'பணியாளர் விலகும்போது சட்டப்படி தரவேண்டிய தொகை' என்று ஒரு வரி விளக்கம் சேர்ப்பதே நேர்மை.

கடன் அல்லாத 'கடன்'

மூன்றாவது தவறு இன்னும் பெரியது. இல்லத்தின் இருப்புநிலைக் குறிப்பு இதுதான். தேய்மானம் போக, கட்டடம் 7,20,000 யூரோ. வரவேண்டிய தொகை 40,000. வங்கியிலும் கையிலும் 40,000. ஆக மொத்தம் 8,00,000 யூரோ. இந்தப் பக்கத்திற்கு 'அத்தீவோ' என்று தலைப்பு. மறுபக்கத்தில் இல்லத்தின் சொந்த மூலதனம் 5,60,000. பணியாளருக்கு உரியது 90,000. பிற கடன்கள் 1,50,000. இதுவும் 8,00,000 யூரோ. இந்தப் பக்கத்தின் தலைப்பு 'பஸ்ஸீவோ'.

இளம் சகோதரி 'மொத்த பஸ்ஸீவோ' என்பதை 'மொத்தப் பொறுப்புகள்' என்ற பொருளில் 'டோட்டல் லயபிலிட்டீஸ்' என்று எழுதினார். ஆங்கிலம் வாசிப்பவருக்கு அது பிறருக்குத் தரவேண்டிய கடன் மட்டுமே. ஆனால் இத்தாலியக் குடிமைச் சட்டத்தின் 2424-ஆம் பிரிவு தரும் அமைப்பில், 'பஸ்ஸீவோ' என்ற தலைப்பின்கீழ் முதலில் வருவதே சொந்த மூலதனம்தான். உண்மையில் பிறருக்குத் தரவேண்டியது 2,40,000 யூரோ. ஒரு தலைப்பின் மொழிபெயர்ப்பு அதை 8,00,000 ஆக்கிவிட்டது. 'மூலதனமும் பொறுப்புகளும்' என்று எழுதியிருந்தால் போதும்.

'கிரேதித்தி' என்ற சொல்லும் அப்படியே. இத்தாலிய இருப்புநிலைக் குறிப்பில் அதன் பொருள் நமக்கு வரவேண்டிய தொகைகள், ஆங்கிலத்தில் 'ரிசீவபிள்ஸ்'. 'கிரெடிட்ஸ்' என்று எழுதினால் யார் யாருக்குத் தரவேண்டும் என்பதே தலைகீழாகத் தோன்றும். அதன் எதிர்ச்சொல் 'தேபித்தி'. அதாவது நாம் தரவேண்டியவை, 'பேயபிள்ஸ்'.

இனி இலாபம். 'ஊத்திலே' என்றால் பேச்சுமொழியில் 'பயனுள்ள', கணக்கில் 'இலாபம்'. சகோதரிகளின் கணக்கில் ஆண்டு முடிவில் 6,000 யூரோ மிஞ்சியிருந்தது. வணிக நிறுவனத்தின் படிவத்தையே கணக்காளர் பயன்படுத்தியதால் 'ஊத்திலே' என்று இருந்தது. ஆதாய நோக்கமற்ற அமைப்புகளுக்கு இத்தாலியர் ஆளும் சொல் 'அவான்ட்சோ'. விருந்து முடிந்து தட்டில் மிஞ்சுவதற்கும் அதே சொல்தான். ஆங்கிலத்தில் 'சர்ப்ளஸ்'. பங்கு பிரித்துக்கொள்ள ஈட்டிய இலாபம் வேறு. அடுத்த ஆண்டுச் செலவுக்கு மிஞ்சிய உபரி வேறு. உதவி செய்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கூர்ந்து பார்ப்பார்கள்.

மேலும் சில கண்ணிகள்

'பிலான்ச்சோ' என்ற சொல்லைப் பார்த்தவுடன் 'பேலன்ஸ் ஷீட்' என்று எழுதத் தோன்றும். இரண்டும் தராசைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தவை. ஆனால் இத்தாலியில் 'பிலான்ச்சோ' என்பது ஆண்டுக் கணக்கு முழுவதையும் குறிக்கும். இருப்புநிலைக் குறிப்பு, வருவாய்ச் செலவுக் கணக்கு, பணப்புழக்க அறிக்கை, விளக்கக் குறிப்புகள் ஆகியவை அதனுள் அடக்கம். இதே சொல்லோடு 'முன்கூட்டிய' என்ற அடைமொழி சேர்ந்தால் அது 'பட்ஜெட்' ஆகிவிடும்! நடந்து முடிந்ததையும், நடக்கப்போவதையும் ஒரே சொல் சுட்டுவதால், அடைமொழியைக் கவனியாமல் பெயர்ப்பவர் கடந்த ஆண்டின் செலவை அடுத்த ஆண்டின் திட்டமாக்கிவிடுவார். 'எசெர்ச்சீட்சியோ' என்றால் பயிற்சி. கணக்கில் அது நிதியாண்டு.

'சிந்தாக்கோ' என்றால் நகரத் தந்தை, அதாவது மேயர். ஆனால் நிறுவனத்தின் அறிக்கையில் அவர் கையொப்பம் இருந்தால், அவர் மேயர் அல்லர். நிர்வாகம் சட்டப்படி நடக்கிறதா என்று கண்காணிக்க அமர்த்தப்பட்டவர். இந்தக் கண்காணிப்பாளர் குழுவுக்கு ஆங்கில நாடுகளில் நேரான இணை இல்லை.

சட்டம் எழுதுவோரும்கூட இந்தச் சிக்கலைச் சந்தித்தனர். கணக்கு எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு, பிரிட்டனின் 1947-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம் 'ட்ரூ அண்ட் ஃபேர்' என்ற தொடரை அளித்தது. 'உண்மையான, நியாயமான' என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். ஐரோப்பியச் சமூகம் 1978-ஆம் ஆண்டு வெளியிட்ட நான்காவது நெறிமுறை, அதை எல்லா உறுப்பு நாடுகளுக்கும் உரியதாக்கியது. 1991-ஆம் ஆண்டு இத்தாலி அதைத் தன் சட்டத்தில் சேர்த்தபோது, 'வெரித்தியேரோ எ கொரேத்தோ' என்று எழுதியது. 'மெய்யான, சரியான' என்று இதற்குப் பொருள். நியாயமும் சரியும் ஒன்றுதானா? விதிமுறைப்படி சரியாக எழுதிய கணக்கு, வாசிப்பவருக்கு நியாயமான காட்சியைத் தராமலும் போகலாம். நம் சகோதரிகளின் மொழிபெயர்ப்பு அதற்கே சான்று.

எண்களிலும் எச்சரிக்கை தேவை. ஆயிரத்தைப் பிரிக்க இத்தாலியர் புள்ளி வைப்பர். பின்னத்திற்குக் காற்புள்ளி இடுவர். ஆங்கிலத்தில் இது தலைகீழ். 1.500 என்று இத்தாலியர் எழுதுவது ஆயிரத்து ஐந்நூறு. ஆங்கிலேயர் கண்ணுக்கு அது ஒன்றரை. 'மிலியார்தோ' என்பது நூறு கோடி. ஆங்கிலத்தில் அது 'பில்லியன்'. ஆனால் ஒலியால் பில்லியனை ஒத்த 'பிலியோனே' இத்தாலியில் ஓர் இலட்சம் கோடி! பிரிட்டனிலும் பழைய வழக்கில் பில்லியன் ஓர் இலட்சம் கோடியாகவே இருந்தது. 1974-ஆம் ஆண்டில்தான் அந்நாட்டு அரசு நூறு கோடி என்ற பொருளை ஏற்றது. எனவே பழைய ஆவணங்களைப் பெயர்ப்பவர் ஆண்டையும் பார்க்கவேண்டும்.

திருஅவையின் சொற்களிலும்

வத்திக்கான் அலுவலகங்களின் அன்றாடப் பணிமொழி இத்தாலியம் என்பதால், திருஅவை நிர்வாகத்திலும் இதே சிக்கல் உண்டு. 2014-ஆம் ஆண்டு திருத்தந்தை பிரான்சிஸ், 'எக்கோனோமியா' என்ற சொல்லைப் பெயரில் தாங்கிய செயலகம் ஒன்றை நிறுவினார். ஆங்கிலத்தில் அதை 'எகானமி' என்று வாசிப்பவர், நாட்டின் பொருளாதாரத்தை ஆராயும் துறை என்று எண்ணக்கூடும். இங்கே அச்சொல் இல்லத்தை நிர்வகித்தல் என்ற அதன் பழைய கிரேக்கப் பொருளையே ஏந்தி நிற்கிறது.

மறைமாவட்டத்தின் நிதிப் பொறுப்பாளரை இத்தாலியர் 'எக்கோனொமோ' என்பர். 1983-ஆம் ஆண்டுத் திருஅவைச் சட்டத்தின் 494-ஆம் எண்ணில் வரும் இலத்தீன் சொல்லின் வடிவம் இது. ஆங்கிலத்தில் ஒருவர் 'நிதி அலுவலர்' என்றும், மற்றொருவர் 'நிதி நிர்வாகி' என்றும் பெயர்த்துள்ளனர். அவரைப் பொருளாதார வல்லுநர் ஆக்கிவிடக்கூடாது, அவ்வளவே.

அழகான பொருத்தம் ஒன்றும் உண்டு. திருத்தந்தையின் பணிகளுக்காக இறைமக்கள் தரும் காணிக்கையை இத்தாலியர் புனித பேதுருவின் 'ஓபொலோ' என்பர். 'ஓபொலோ' பழைய கிரேக்கச் சிறுகாசு. ஆங்கிலத்தில் அது பேதுருவின் 'பென்ஸ்'. அதுவும் சிறுகாசுதான். ஒரு காசை மற்றொரு காசால் பெயர்த்தபோது, எளியோரின் காணிக்கை என்ற பொருள் சிதறாமல் கடந்துவிட்டது.

மொழிபெயர்க்கும் முன் கேட்க வேண்டியவை

இத்தகைய பணி உங்களிடம் வந்தால், ஒவ்வொரு வரியிலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். முதலாவது: இங்கே கொடுக்க வேண்டியவர் யார், பெற வேண்டியவர் யார்? இரண்டாவது: இது கையில் இருக்கும் பணமா, அல்லது ஒரு நிலையைக் காட்டும் எண் மட்டுமா? மூன்றாவது: இது எந்தக் காலத்திற்கு உரியது? வரவேண்டியும் வராத வருமானம், முன்கூட்டியே கட்டிய வாடகை போன்றவற்றிற்கு இத்தாலியில் 'ராத்தெய்', 'ரிஸ்கோந்தி' என்ற தனிச்சொற்கள் உண்டு. காலத்தைக் கேட்டால் அவை தாமாகவே விளங்கிவிடும். இந்த மூன்றிற்கும் விடை தெரிந்தபின் அகராதியைத் திறக்கலாம். விடை தெரியவில்லை என்றால், கணக்கு எழுதியவரைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

வரவு செலவு ஏடுகளை ஒழுங்காக வைத்திருக்கவும், ஆண்டு முடிவில் அறிக்கை தயாரிக்கவும் திருஅவைச் சட்டத்தின் 1284-ஆம் எண் நிர்வாகிகளைப் பணிக்கிறது. கணக்கு ஒப்புவிப்பது என்றால், மறுபக்கத்தில் இருப்பவருக்கு அது புரியவேண்டும். புரியாத மொழியில் சொன்ன உண்மையும், தவறான சொல்லில் சொன்ன உண்மையும் அவருக்கு எட்டாமலே போய்விடும்.

நாம் கற்பனையில் கண்ட சகோதரிகளிடம் திரும்புவோம். அவர்கள் இப்போது கணக்காளரை அருகில் அமர்த்திக்கொண்டு, அதே கணக்கை மறுபடியும் பெயர்க்கிறார்கள். எண்களில் ஒன்றையும் மாற்றவில்லை. 'கட்டட நிதி' என்ற வரி 'இருபது ஆண்டுத் தேய்மானம்' ஆகிறது. 'பணியாளர் நிதி' என்பது 'பணியாளருக்குத் தரவேண்டியது' ஆகிறது. 'மொத்தக் கடன்' என்பது 'மூலதனமும் கடனும்' ஆகிறது. 'இலாபம்' என்பது 'உபரி' ஆகிறது. நான்கு வரிகள் மட்டுமே மாறியுள்ளன. இப்போது அந்தத் தாளை வாசிப்பவர் காண்பது, பணத்தைப் பதுக்கிய இல்லத்தையும் அன்று, கடனில் மூழ்கிய இல்லத்தையும் அன்று. வேலையாட்களின் கூலியைப் பத்திரமாக எண்ணிவைத்து, மிஞ்சிய 6,000 யூரோவில் கூரையைச் சரிசெய்ய வழியின்றி நிற்கும் ஒரு வீட்டையே அவர் காண்கிறார்.

இனி அவர் உதவலாம், உதவாமலும் போகலாம். ஆனால் அவர் எடுக்கும் முடிவு உண்மையை அறிந்து எடுத்த முடிவாக இருக்கும். கணக்கை மொழிபெயர்ப்பவர் செய்யக்கூடிய நன்மை அதுவே.